தொடாமல் விட்ட கடைசிப் பிடி

மலையே இல்லாத நாட்டில் பாறையேறி என்று ஒருத்தி பேரெடுத்திருக்கிறாள் என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. டென்மார்க்கில் வானமலை என்று பேர் வைத்திருக்கிற ஒரு மேடு இருக்கிறது. வந்த புதிதில் என் கணவர் அதைக் காட்டுவதற்கென்று என்னை ரயிலிலும் பஸ்ஸிலுமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஏறி முடித்தபோது எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை, மலை எங்கே என்று கேட்டேன். அப்படிப்பட்ட நாட்டில் சனம் பெரிய மண்டபம் கட்டி, அதற்குள் சுவர் எழுப்பி, அந்தச் சுவரில் ஏறிப் பழகுகிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நான் சிரித்தேன். பிறகு அதே மண்டபத்தில் எனக்கு வேலை கிடைத்தது, சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அங்கேதான் அந்தக் கிழவியைக் கண்டேன். கிழவி என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக எடுக்க வேண்டாம். இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வளையவில்லை, மாமி என்றால் அவருக்கு விளங்காது. ஆகவே முகத்துக்கு நேரே ‘ஹலோ’, மனதுக்குள் ‘கிழவி’ என்று முதல் ஆறு வருஷத்தை ஓட்டினேன்.

அவருக்கு எண்பது வயதானபோது அந்த மண்டபத்திலேயே கொண்டாடினார்கள். இங்கே பூச்சியத்தில் முடிகிற பிறந்தநாள் என்றால் பெரிய எடுப்பு. எல்லாருக்கும் தெரிந்த மெட்டுக்குத் தாங்களே வரி கட்டி, பேப்பரில் அடித்து, ஆளுக்கொன்று கொடுத்துப் பாடுவார்கள். பிறகு கரண்டியால் கிளாசைத் தட்டிவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் பேசுவார்கள். போர்ன்ஹோல்ம் தீவுக் கருங்கல்லில் அவர் முதன்முதலாக ஏறிய வழிகள், சுவீடன் கரைப் பாறையில் மழைக்குள் இறங்கி வந்தது, கால் முறிந்த ஒருவரை முதுகில் சுமந்தது என்று இரண்டு மணித்தியாலம் போனது. ‘நீயும் பேசு’ என்று என்னை எழுப்பினார்கள். நான் ‘நன்றி, நல்லா இருங்கோ’ என்று இரண்டு சொல் சொல்லி இருந்துவிட்டேன். நான் அவரோடு எந்தப் பாறைக்கும் போனவள் இல்லை. நிலத்தில் நின்றவள். அன்றைக்குத் தொண்டைக்குள் நின்றுபோனதை இப்போது எழுதுகிறேன்.

என் வேலையைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். நான் பிடி கழுவுகிறவள். சுவரில் ஏறுவதற்குக் கையும் காலும் வைக்கிற பிளாஸ்டிக் கட்டிகளைத்தான் பிடி என்கிறோம். உருளைக்கிழங்கு அளவில் ஒன்று, பேக்கரியில் விற்கிற அரை றாத்தல் பாண் அளவில் ஒன்று என்று எல்லா நிறத்திலும் இருக்கும். ஒரு நிறத்துப் பிடிகளைப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து உச்சிக்குப் போனால் அது ஒரு வழி. இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை பழைய வழியைக் கழற்றிப் புதுசு பூட்டுவார்கள். கழற்றிய பிடிகளில் கையில் பூசுகிற வெள்ளைத் தூளும், சப்பாத்து றப்பரும், ஊர்ப்பட்ட ஆட்களின் வேர்வையும் அப்பிக்கிடக்கும். அதையெல்லாம் பின்னறையில் தொட்டியில் ஊறப்போட்டு, தூரிகையால் தேய்த்துக் கழுவுவது நான். நாங்கள் குடியிருக்கிற இஷொயிலிருந்து எஸ் என்கிற நகர ரயிலில் வந்து, ஹ்விடோவ்ரேயில் இருந்த அந்தப் பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் புகுந்தால் பின்னேரம்வரை தேய்ப்புத்தான்.

அங்கே வேலை செய்கிற எல்லாரும் கீழே நின்று கயிறு பிடிக்கப் பழக வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. ஏறுகிறவரின் இடுப்பு வாரில் கட்டிய கயிறு, சுவரில் இடைக்கிடை தொங்குகிற கொளுக்கிகளுக்குள்ளால் போய், கீழே நிற்கிறவரின் இடுப்பில் உள்ள இரும்புப் பூட்டுக்குள்ளால் வரும். மேலே இருக்கிறவர் கைவிட்டால் கீழே நிற்கிறவரின் வலக்கைதான் அவருடைய உயிர். என்ன நடந்தாலும் அந்தக் கை கயிற்றை விடக்கூடாது. நானும் பழகினேன். எனக்கு அது நன்றாக வந்தது, ஏனென்றால் எனக்குக் கனம் இருக்கிறது. கிழவி ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, ‘கயிறு பிடிக்க உன்னைப் போல ஆள்தான் வேணும், அசைக்க ஏலாது’ என்றார். பிள்ளை பெற்ற பிறகு என் உடம்பைப் புகழ்ந்த ஒரே ஆள் அவர்தான். அவர் பேசியது டேனிஷ். ஆனால் அவர் பேச்சு என் காதில் எங்கட தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

அவரை ஏன் எல்லாரும் அப்படிக் கொண்டாடினார்கள் என்று எனக்கு விளங்கியது ஒரு சண்டையில். ஏறுவதற்கு முன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்தச் சனத்தின் வழக்கம். வெளியூரிலிருந்து வந்த, போட்டிகளில் வென்ற ஒருவர் அன்று கிழவிக்குக் கயிறு பிடிக்க நின்றார். நாற்பத்தைந்து வருஷம் ஏறியவரின் முடிச்சை நான் சோதிப்பதா என்று வெட்கப்பட்டு, ‘உங்களில் எனக்கு நம்பிக்கை இருக்கு, ஏறுங்கோ’ என்றார். கிழவி சுவரிலிருந்து கையை எடுத்தார். முடிச்சை அவிழ்த்தார். ‘நம்பிக்கையாலே முடிச்சுப் போட ஏலாது’ என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். அந்த மனிதர் சிவந்துபோய் நின்றதைப் பார்க்க வேண்டும். பின்னறை வாசலில் கையுறையோடு நின்ற எனக்கு அன்றைக்குக் கிழவியைப் பிடித்துப்போனது. எனக்கும் அப்படிப்பட்ட கோபம்தான் வரும். ஆனால் இவர் மற்றவரைப் பிழை பிடிக்கவில்லை, தன் முடிச்சைத் தானே நம்பாத மனிசியாக இருந்தார்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். இலங்கையில் போர் முடிந்த வருஷம். என் தம்பியும் மனைவியும் ஏழு வயது மகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். நாங்கள் மன்னார் ஆட்கள். தம்பி கலியாணம் கட்டி வன்னிக்குப் போனவன், பிறகு சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரையோரம்வரை போய்விட்டான். பங்குனி மாதத்தில் யாரோ ஒருவரின் போனில் ஒரு நிமிஷம் கதைத்தான்.

“அக்கா, என்ர போன் துலைஞ்சு போச்சு. ஆரின்ர நம்பரும் என்னட்ட இல்லை. உங்கட நம்பர் மட்டும்தான் பாடம். ஏதும் வசதி வந்தால் எடுப்பன். போனைக் கிட்ட வைச்சிருங்கோ.”

“வைச்சிருக்கிறன், வைச்சிருக்கிறன். பிள்ளை எப்பிடி?”

அதற்குள் தொடர்பு அறுந்தது. பிறகு சித்திரை முழுவதும் ஒன்றுமில்லை. அவன் என்னைக் கூப்பிடலாம், நான் அவனைக் கூப்பிட முடியாது. அதுதான் என்னைக் கொன்றது. உலகத்தில் அவனுக்குப் பாடமான ஒரே நம்பர் என்னுடையது என்றால், அது அடிக்கும்போது நான் எடுக்காவிட்டால்? குளிக்கப் போனால் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி உள்ளே கொண்டுபோனேன். ரயில் சுரங்கத்துக்குள் போகிற பக்கம் போகவே இல்லை. மாதா கோவிலில் பூசை நேரம் மணிச்சத்தம் போல என் போன் அடித்து, சுவாமியார் திரும்பிப் பார்த்தார். அது பத்திரிகைச் சந்தா விற்க எடுத்த ஒரு பெண். அவளுக்கு நான் மாதா முன்னிலையில் கொடுத்த ஏச்சுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டி வந்தது.

வீட்டில் என் கணவர் ரீவியின் முன்னாலும் கணினியின் முன்னாலும் மாறி மாறி இருப்பார். அவர் நெற்றியைப் பார்த்தே இன்றைக்குச் செய்தி எப்படி என்று அறிந்துகொள்வேன். எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிற தமிழ் ஆட்கள் ஒருவரையொருவர் ‘ஏதும் தெரியுமோ?’ என்று மட்டும் கேட்டுக்கொள்வோம். சாப்பாடு தொண்டைக்குள் இறங்காது. வேலைக்குப் போவது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஓய்வு. அங்கேயும் ஓய்வு எங்கே? ஒரே பிடியைப் பத்து நிமிஷம் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கிழவி அதைப் பார்த்திருக்கிறார். ஒரு பின்னேரம் பின்னறைக்குள் வந்து, என் கையிலிருந்த பிடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“இது எப்பவோ துப்பரவாயிட்டுது. வா, எனக்குக் கயிறு பிடி. என்ர வழமையான ஆளுக்கு முழங்கால் சத்திர சிகிச்சை.”

“ஏலாது. என்னட்ட போன் இருக்கு.”

கயிறு பிடிக்கிறவர் போன் வைத்திருக்கக்கூடாது என்பது அங்கே கல்லில் எழுதிய சட்டம். அதை எல்லாரையும்விடக் கடுமையாகப் பார்த்தவர் இவர்தான். போனோடு நின்ற ஒருவரைச் சுவரின் கீழிருந்து துரத்தியதை நானே கண்டிருக்கிறேன்.

“வைச்சிட்டு வா.”

“ஏலாது எண்டுறன். என்ர தம்பி எடுப்பான்.”

பிறகு எல்லாம் கொட்டுண்டது. ஆறு வருஷத்தில் அவரோடு நான் அவ்வளவு பேசியதில்லை. உடைந்த டேனிஷில் தம்பி, கடற்கரை, ஒரே ஒரு நம்பர், சித்திரை முழுவதும் ஒன்றுமில்லை என்று சொல்லி முடித்தேன். ஐயோ பாவம் என்பார், கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் கட்டிப்பிடிக்கவில்லை. சுவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு யோசித்தார், ஒரு கணக்கு ஆசிரியை மாதிரி.

“போனை வைச்சிரு. அடிச்சால் கத்து. நான் நிக்கிற இடத்திலேயே என்னைக் கொளுக்கியில கொளுவிக்கொள்ளுவன். கொளுவிட்டன், விடு எண்டு நான் சொன்ன பிறகு நீ கயிறை விட்டிட்டுப் போனை எடு.”

அடுத்த நாள் அவர் இடுப்பு வாரில் ஒரு முழம் நீளத்துக்குத் தடித்த நாடா தொங்கியது, நுனியில் ஒரு கொளுக்கியோடு. அது வெளியே பாறைக்குப் போகிறவர்கள் கட்டுவது, மண்டபத்துக்குள் யாரும் கட்டுவதில்லை. பொடியன்கள் பெட்டைகள் எல்லாம் அதைப் பார்த்து, ‘பாறையில் பழகிய கை, பழக்கம் போகுதில்லை’ என்று மெச்சினார்கள். கிழவி கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டார். அது எனக்காகத் தொங்குகிறது என்று அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வசந்தத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மஞ்சள் வழி. பாதிக்கு மேலே கூரை போல முன்னுக்குத் தள்ளி நிற்கும் சுவரில் போகிற வழி அது. முப்பது வயதுக்காரரே அதில் விழுந்து எழும்பினார்கள். இவருக்கு அப்போது அறுபத்தேழு. மாரிக் குளிர்காலம் முழுவதும் முயன்றிருக்கிறார். சாண் ஏற முழம் சறுக்கும் என்பதை நான் அந்தக் கயிற்றின் அடியில் நின்றுதான் கண்ணால் கண்டேன். ஒவ்வொரு முறையும் கடைசிக்கு முதல் பிடிவரை போவார். உச்சியில் இருந்த கடைசிப் பிடி, அரை றாத்தல் பாண் போல மொத்தமானது, ஒரு கை நீளம் தள்ளி இருக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஏறியதாகக் கணக்கு. நடுவில் கயிற்றில் தொங்கினாலோ கொளுக்கியைக் கையால் பிடித்தாலோ கணக்கில்லை. அவர் எட்டுவார், விரல் வழுக்கும், விழுவார். என் இடுப்பு ஒரு இழுவை இழுபடும். ‘நல்லாப் பிடிச்சாய்’ என்பார்.

எனக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. கயிற்றைக் கொடுப்பது, வாங்குவது, அவர் காலைப் பார்ப்பது என்று அந்த இருபது நிமிஷம் தலைக்குள் வேறொன்றும் நுழையாது. ஒரு ஆளையாவது விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேனே என்று இருக்கும்.

மே மாதம் நடுப்பகுதி தாண்டியது. போர் முடிந்தது என்று ரீவியில் சொன்னார்கள். என் கணவர் எழும்பிப்போய் ஜன்னலோரம் நின்றார். நான் போனைத்தான் பார்த்தேன். அடிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத என்னிடம் சொல் இல்லை. உயிரோடு இருந்தால் இப்போது எடுத்திருப்பான் என்று ஒரு எண்ணம் வரும், வாயைப் பொத்திக்கொள்வேன், அந்த எண்ணம் என் வாயால் வெளியே வந்துவிடுமோ என்று.

வெளியே பீச் மரங்கள் பச்சையாகிவிட்ட ஒரு பின்னேரம். மண்டபத்தில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். அடுத்த கிழமை ஒரு போட்டிக்காகச் சுவர் முழுவதையும் கழற்றப் போகிறார்கள், மஞ்சள் வழிக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் போனைச் சட்டைப்பையில் வைத்தேன். குனிந்து நிமிரும்போது விழுந்துவிடும் என்று பயந்து, தாலிக்கொடியில் எப்போதும் கொளுவி வைத்திருக்கிற சேப்டி பின் ஊசிகளில் ஒன்றை எடுத்து, பையின் வாயைக் குத்திப் பூட்டினேன். அடித்தால் ஒரு கையால் ஊசியைக் கழற்ற முடியாது என்று என் புத்திக்கு எட்டவில்லை. பத்திரம் பத்திரம் என்று பார்த்த கெட்டித்தனம்.

கிழவி என் இடுப்புப் பூட்டைத் தொட்டார். நான் அவர் முடிச்சைத் தொட்டேன். ஏறினார்.

அன்று அவர் ஏறியது வேறு மாதிரி. அவசரம் இல்லை. கை வைத்த இடத்தில் கை நின்றது. கூரைப் பகுதிக்கு வந்தபோது மற்றச் சுவர்களில் நின்றவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். யாரும் பேசவில்லை. கடைசிக்கு முதல் பிடியில் இரண்டு கையும் வைத்தார். ஒரு காலை உயர்த்தி வைத்தார். அவர் மூச்சு விடுவது கீழே எனக்குக் கேட்டது. கயிற்றில் நடுக்கம் இல்லை. விழுகிற நாட்களில் அந்த இடத்தில் கயிறு நடுங்கும், எனக்குத் தெரியும். அன்று அது ஆடாமல் நின்றது. ஏறிவிடப் போகிறார் என்று என் கைக்கு முதலில் தெரிந்தது.

அப்போது போன் அடித்தது.

அந்த அமைதியில் அது எவ்வளவு பெரிதாகக் கேட்டது என்று சொல்லத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ‘போனை நிறுத்து’ என்று பல்லைக் கடித்தார். நான் கத்த வேண்டும், அதுதானே பேச்சு. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒரு மாரி காலம் முழுவதும் விழுந்து விழுந்து எழும்பிய மனிசி, இன்னும் ஒரு கை நீளம். தம்பி, கொஞ்சம் பொறடா, ஒரு நிமிஷம் பொறடா என்று மனதுக்குள் கெஞ்சினேன். என் வலக்கை கயிற்றை இறுக்கியது. அதை விட்டால் அவர் உயிர், விடாவிட்டால் அவன் குரல். அப்படி ஒரு நிலை என் எதிரிக்கும் வரக்கூடாது.

கிழவி மேலே நிமிர்ந்து கடைசிப் பிடியைப் பார்த்தார். பிறகு எட்டினார். பிடிக்கு அல்ல. பக்கத்தில் தொங்கிய கொளுக்கியை அப்படியே கையால் பிடித்தார். கூட்டம் ‘ஆ!’ என்றது. இடுப்பு நாடாவை எடுத்து அதில் கொளுவினார், இழுத்துப் பார்த்தார், உடம்பைத் தொங்க விட்டார்.

“கொளுவிட்டன்! விடு! போனை எடு!”

என் கை விடவில்லை. நம்புவீர்களோ தெரியாது, மூளை விடு என்கிறது, விரல்கள் திறக்கவில்லை. அவ்வளவு பழக்கி வைத்திருந்தார்கள். “விடு எண்டுறன்!” என்று மேலிருந்து ஒரு அதட்டல். விட்டேன். இரண்டு கையாலும் ஊசியைப் பிடித்தேன். ஊசி வளைகிறது, பெருவிரலில் குத்தி இரத்தம் வருகிறது, கழலுகிறதில்லை. சட்டையைக் கிழிக்கப் போன நேரம் போன் நின்றது.

அந்த ஒரு ஊசியால் என் தம்பியைத் துலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியே மெத்தை விரித்த தரையில் இருந்துவிட்டேன். ஊசி கழன்று கையோடு வந்தது. போனை வெளியே எடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு பார்த்தேன். தெரியாத நம்பர். இலங்கை நம்பர்.

மறுபடி அடித்தது.

“ஹலோ!”

காற்றும் சனத்தின் இரைச்சலும். பிறகு,

“அக்கா.”

“ஓமடா, சொல்லு, சொல்லு.”

“மூண்டு பேரும் இருக்கிறம். முகாமில நிக்கிறம். பிள்ளைக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான் காலில ஒரு காயம், பெரிசில்லை. கேக்குதா அக்கா?”

“கேக்குது. சாப்பிட்டியா?”

சாப்பிட்டியாவாம்! எத்தனை நாள் காத்திருந்து நான் கேட்ட கேள்வி இது. அவன் சிரித்தான். அவன் சிரித்தது எனக்குக் கேட்டது.

“போன் வேற ஆக்களின்ர, குடுக்கோணும். அம்மாவுக்குச் சொல்லுங்கோ. நான் பிறகு...”

அவ்வளவுதான். வயிற்றில் பால் வார்த்தது என்று எங்கள் சனம் சொல்வதற்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது. நான் அழவில்லை, ஊளையிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெரிய மண்டபத்தில் ஐம்பது வெள்ளைக்காரர் பார்த்திருக்கத் தரையில் அடித்து அடித்து ஊளையிட்டேன். ‘இருக்கிறாங்கள், மாதாவே, இருக்கிறாங்கள்’ என்று தமிழில் கத்தியது அவர்களுக்கு என்னவென்று விளங்கியிருக்கும்? யாரோ தண்ணீர் தந்தார்கள். பல்லைக் கடித்த அந்த மனிதர் தன் மேற்சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. திடீரென்று நினைவு வந்தது. கடவுளே, மனிசி மேலே தொங்குகிறார்!

நிமிர்ந்து பார்த்தேன். கிழவி அந்த நாடாவில் ஊஞ்சலில் இருப்பது போலக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தான் கயிற்றை எடுத்து அவரை இறக்கிவிடுகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். கிழவி மேலிருந்தே தடுத்திருக்கிறார். ‘தொடாதை. அவள் அழுது முடிச்சிட்டு வந்து இறக்குவாள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.’ இதைப் பிறகு மற்றவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். கயிற்றை இழுத்து இறுக்கினேன். வலக்கையை வைத்தேன். அவர் நாடாவைக் கழற்றப் போகிறார் என்று பார்த்தால், கழற்றவில்லை.

“முதலில பூட்டைச் சோதி.”

அந்த நேரத்திலும்! நான் அழுகையோடு சிரித்துக்கொண்டு பூட்டைத் தொட்டேன். “சரி” என்றேன். கழற்றினார். மெல்ல, மெல்ல இறக்கினேன். அவர் கால் மெத்தையில் பட்டபோது நான் மூன்று விரலைக் காட்டினேன். மூன்று பேரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் என் விரல்களை எண்ணுவது போலப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். முடிச்சை அவிழ்த்து, கயிற்றை என் கையில் தந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்க முதலே, “இஞ்சாருங்கோ, எடுத்திட்டான்!” என்று கத்தினேன். என் கணவர் எழும்பி வந்தார். “என்னப்பா, உண்மையோ? மூண்டு பேருமோ?” “ஓம், மூண்டு பேரும்.” அவர் திரும்பிப்போய் மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த ரீவியை நிறுத்தினார். வீடு அமைதியானது. இரண்டு பேரும் சோறு போட்டுச் சாப்பிட்டோம். வெறும் பருப்பும் சொதியும். அதைப் போல ருசியாக நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

ஆனால் கீழ்மாடியில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு போன் வரவே இல்லை. அந்த வீட்டுக் கதவைத் தாண்டும்போது என் சந்தோஷத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போவேன். ஏன் எனக்கு, ஏன் அவர்களுக்கு இல்லை என்று இன்றைக்கும் தெரியாது. அந்த நிம்மதிக்குள் ஒரு சின்ன முள் இருக்கிறது, அது இருக்கட்டும்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் தம்பி ஆறுதலாகக் கதைக்கிற வசதி வந்தது. அப்போது சொன்னான். அந்தப் போனுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றதாம். முதல்முறை எடுக்கவில்லை. போன்காரர் பார்த்துவிட்டு, இன்னும் ஒருக்கா மட்டும் அடியும் என்றாராம். “ரெண்டாம் தரமும் எடுக்காட்டி அவ்வளவுதான் அக்கா. அடுத்த நாள் எங்களை வேற முகாமுக்கு ஏத்திப்போட்டினம். ஒரு வருஷத்துக்கு ஒரு போனைக் கண்ணால காணேல்லை.” ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தை நான் எப்படிக் கடந்திருப்பேன்? கடந்திருக்க மாட்டேன்.

அடுத்த கிழமை மஞ்சள் வழியைக் கழற்றினார்கள். பிடிகள் பெட்டியோடு என் தொட்டிக்கு வந்தன. எல்லாவற்றிலும் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. அந்த அரை றாத்தல் பாண் பிடியைத் தனியாக எடுத்து வைத்தேன். அதைக் கழுவவில்லை. மண்டபத்துச் சாமானைக் களவெடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் அதைத் துவாயில் சுற்றி இஷொய்க்குக் கொண்டுவந்து, அலுமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கிழவி அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் ஏறினார். ஆனால் அவ்வளவு கடினமான வழி ஒன்றை அவர் பிறகு ஏறவில்லை. மஞ்சள் வழியைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவும் இல்லை.

எண்பதாவது பிறந்தநாளன்று, பேசத் தெரியாமல் இருந்துவிட்டேன் என்றேன் அல்லவா? எல்லாரும் கேக் வெட்டப் போன நேரம் அவர் பக்கத்தில் போய் இருந்தேன். பையிலிருந்து துவாய்ப் பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். பிரித்தார். மஞ்சள் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. பார்த்த உடனே அறிந்துகொண்டார். விரல்களை அதன் மேல் வைத்தார். மூட்டுகள் எல்லாம் வீங்கிய விரல்கள். பிறகு மற்றக் கையையும் வைத்தார். இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

“உன்ர தம்பியின்ர மகளுக்கு இப்ப என்ன வயசு?” என்றார்.

“இருபது. ரீச்சருக்குப் படிக்கிறாள்.”

“நல்லது.” பிடியைத் தடவினார். “எப்பிடியும் அண்டைக்கு நான் இதை எட்டியிருக்க மாட்டன். விரல் களைச்சுப் போச்சு. விழத்தான் இருந்தனான். உன்ர போன்தான் என்னைக் காப்பாத்தினது.”

பச்சைப் பொய். மண்டபத்தில் நின்ற எல்லாரையும் அவர் அப்படி நம்பவைத்திருக்கலாம். கயிறு பிடித்தவள் நான். அன்றைக்கு அந்தக் கயிறு நடுங்கவே இல்லை.